மிலாறும் காட்டு விறகும்: மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பிரிவொன்றின் காட்டுப் பயன்பாடு குறித்த நிகழ்வு ஆய்வு

இடமும் கேள்வியும்

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பாதைக்கு மேலே, தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற விளிம்பில் அமைந்துள்ள ஒரு தோட்டத்தின் மேற்பிரிவே இவ்வாய்வின் களம். தோட்டத்தின் பெயரையும் அதை நடத்தும் கம்பனியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். விறகு எடுத்தவர்கள் என்று இங்கு சொல்லப்படும் எவருக்கும் அதனால் தொல்லை நேரக்கூடாது என்பது ஒரு காரணம். பொகவந்தலாவையிலோ அப்புத்தளையிலோ காட்டோரப் பிரிவொன்றில் பிறந்து வளர்ந்த எவரும் இதைத் தம் தோட்டத்தின் கதையாகவே வாசிக்க முடியும் என்பது இன்னொரு காரணம்.

இப்பிரிவில் பழைய லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) சிலவும் பின்னர் கட்டப்பட்ட தனி வீடுகள் சிலவும் உள்ளன. ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்), கொழுந்து நிறுக்கும் மடுவம் ஆகியவற்றோடு ஊர் முடிந்துவிடுகிறது. மடுவத்து வாசலில் நின்று மேலே பார்த்தால் முதலில் தேயிலை, அதற்கு மேல் கம்பனி நட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் (தோட்டத்தில் அவற்றுக்கு டர்பன்டைன் என்றே பெயர்), அதற்கும் மேல் சிவனொளிபாதமலைத் தொடரின் இயற்கைக் காடு. இந்த மூன்று படிகளில் எதுவும் லயத்தில் இருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அவர்களுடைய அடுப்பு, குடிநீர், மாட்டுத் தொழுவம், மரக்கறிப் பாத்தி ஆகிய நான்கும் இந்த மூன்று படிகளை நம்பியே இருக்கின்றன.

இக்குடும்பங்கள் காட்டிலிருந்து எதை எடுக்கின்றன, எந்தக் காலத்தில், யாருடைய உழைப்பால், யாருடைய அனுமதியோடு எடுக்கின்றன என்பதே இங்கு கேட்கப்படும் கேள்வி. காட்டோர மக்களின் விறகுத் தேவையைக் காட்டழிப்பின் காரணங்களுள் ஒன்றாக வரிசைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. இப்பிரிவை அருகிலிருந்து பார்த்தபின், அப்படி வரிசைப்படுத்துவது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைப்பதாகும் என்றே நான் கருதுகிறேன். இம்மக்கள் காட்டுக்குள் போவது அவர்களுக்கென்று ஒரு மரம் நட நிலம் இல்லாததால்தான்.

காடு தேயிலையானபோது

மலைநாட்டுக் காடு இன்று எங்கே எஞ்சியிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள 19 ஆம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகிய அனைத்தையும் முடிக்குரியவை என்று கொள்ள வழிசெய்தது. கண்டிப் பகுதிக் கிராமத்தவர் சேனை வெட்டியும் (காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டும்) மாடு மேய்த்தும் வந்த காடுகள் இவ்வாறு அரசின் கைக்குப் போய், கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. மரம் வெட்டும் வேலையைச் சிங்களக் கிராமத்தவர் பலர் ஒப்பந்தத்துக்குச் செய்தனர். வெட்டிய நிலத்தில் கோப்பி நட்டுக் காத்துப் பறிக்கத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து எம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். 1869 இல் கோப்பி இலைத்துரு நோய் கண்டு அப்பயிர் சரிந்தபோது, ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலை கோப்பியைவிட உயரத்திலும் நன்றாக வளர்ந்ததால், வெட்டும் எல்லை இன்னும் மேலே ஏறியது.

அந்த ஏற்றத்துக்குத் தடை போட்டவர் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர். அவருடைய ஆலோசனையின் பேரில் 1873 இல் 5,000 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 1,500 மீற்றருக்கு, மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. மகாவலியும் களனியும் வளவையும் ஊற்றெடுக்கும் உச்சிக் காடுகள் பெருமளவு பிழைத்திருப்பதற்கு இத்தடை முக்கிய காரணம். பின்னர் 1907 இன் 16 ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம், 1937 இன் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆகியவை வந்தன. சிவனொளிபாதமலைப் பகுதி 1940 இல் சரணாலயமானது. 2010 இல் அதனையும் ஹோட்டன் சமவெளியையும் நக்கிள்ஸ் காட்டையும் சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

பாதுகாப்பு வேண்டியதே, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த வரலாற்றில் ஒன்று தொடர்ந்து விடுபட்டு வந்திருக்கிறது. காட்டைத் தோட்டமாக்கியபோது தோட்டத் தொழிலாளியின் அடுப்புக்கான மரம் எங்கே வளரும் என்று எவரும் கணக்கிடவில்லை. தொழிற்சாலையின் அடுப்புக்கு மட்டும் கணக்கிட்டார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளை உலர்த்தி எடுக்க ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை விறகு வேண்டும். மேலே நிற்கும் டர்பன்டைன் மரங்கள் அதற்காகவும் பலகைக்காகவும் நடப்பட்டவை. விறகு லொறி தொழிற்சாலைக்குப் போகும் அதே பாதையில்தான் லயத்துப் பெண்கள் தலையில் கட்டுடன் இறங்குகிறார்கள்.

கீழே உள்ள சிங்களக் கிராமத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே வீட்டைச் சுற்றிப் பலா, தென்னை, கமுகு, கராம்பு, மிளகுக்கொடி ஏறிய கிளிரிசிடியா மரங்கள் எல்லாம் அடுக்கடுக்காக நிற்கின்றன. கண்டிய வீட்டுத் தோட்டம் என்று பாடநூல்கள் புகழும் அமைப்பு அதுதான். கிளை கழித்தாலே அடுப்புக்கு விறகு. இலங்கைக் கிராமங்களின் விறகில் பெரும்பகுதி இயற்கைக் காட்டிலிருந்து வருவதில்லை, இத்தகைய வீட்டுத் தோட்டங்களிலிருந்தே வருகிறது. லயத்துக்கு அந்த வசதி ஒருபோதும் இருந்ததில்லை. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவும் ஓர் இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) பின்னால் ஒட்டிய அடுப்படியும் வாசலில் ஒரு கீரைப் பாத்தியும் கொண்ட குடும்பம் எங்கே பலா மரம் வைக்கும்?

அடுப்பில் எரிவது

இப்பிரிவின் ஒரு வீட்டில் அடுப்பு விடிவதற்கு முன்பே எரியத் தொடங்குகிறது. தேத்தண்ணி, ரொட்டி, பிள்ளைகளுக்குச் சோறு, பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் இடத்துக்கு) போகுமுன் முகம் கழுவ வெந்நீர். மாலையில் மலையிலிருந்து நனைந்து வருபவர்கள் குளிக்க மீண்டும் வெந்நீர், இராச்சோறு, மழைக்காலமானால் துணி காயவைக்கவும் அதே தீ. சமையலுக்கு ஆகும் விறகை மட்டும் வைத்து மலைநாட்டுக் குடும்பத்தின் தேவையைக் கணக்கிடுவோர் இந்தக் குளிரையும் ஈரத்தையும் மறந்துவிடுகிறார்கள். கீழ்நாட்டு வீட்டைவிட இங்கே வெந்நீருக்கே கூடுதல் விறகு போகிறது.

விறகில் மக்கள் முதலிடம் கொடுப்பது மிலாறுக்கு. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் தண்டும் கிளையுமே மிலாறு. நன்கு காய்ந்தால் அதிகம் புகையாமல் சூடாக நின்று எரியும்; கைக்கு அடங்கும் பருமன் என்பதால் பிளக்கவும் தேவையில்லை. ஒரு மலை (ஒரு தேயிலைக் கூறு) கவ்வாத்தாகிறது என்ற செய்தி வந்தால் அந்த மாதம் பிரிவில் விறகுக் கவலை இல்லை. ஆனால் இங்கேயும் ஓர் இழுபறி உண்டு. கவ்வாத்துக் கழிவை மண்ணிலேயே விட்டால் அது மக்கி உரமாகும், சரிவில் மண் அரிப்பையும் தடுக்கும் என்பது தேயிலை ஆராய்ச்சியாளர்களின் அறிவுரை, அது சரியானதும்கூட. இலையிலும் குச்சியிலும்தான் சத்து அதிகம் என்பதால் அவற்றை மண்ணுக்கு விட்டுப் பருத்த தண்டை அடுப்புக்குக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் நியாயமான பங்கீடாக இருக்கும். நடைமுறையில் அப்படியொரு எழுதப்பட்ட ஒழுங்கு இல்லை. ஒரு கண்டக்டர் (தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர்) எடுக்கவிடுவார். அவர் மாற்றலாகிப் போனபின் வருபவர் காவல்காரரை நிறுத்துவார். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது கிடைக்கும் வேர்க்கட்டையின் கதையும் இதுவே.

மிலாறு இல்லாத காலத்தில் சவுக்குக் (தேயிலைக்கு நிழல் தரும் கிரெவில்லியா) கிளை, டர்பன்டைன் சுள்ளி, அதற்கும் பஞ்சம் வந்தால் மேலே உள்ள காடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்து பறிக்கும் பெண்கள் மூவருடன் நானும் அந்தக் காட்டு விளிம்புக்குப் போனேன். தனியாக எவரும் போவதில்லை. அட்டை ஏறாமலிருக்கக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சவர்க்காரத்தை அழுத்திப் பூசிக்கொண்டார்கள். மூவரில் மூத்த அக்கா முன்னே நடந்தார். குளவிக் கூடு தொங்கும் கிளைகளை அவர்தான் பார்த்துச் சொல்வார். கூட்டைக் கண்டால் அந்தத் தடத்தையே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு கிளையையும் எடுத்து, கத்தியின் முதுகால் ஒருமுறை தட்டி, ஒலியைக் கேட்டுவிட்டே கட்டில் சேர்த்தார். மந்தமாக ஒலித்தவை உள்ளே ஈரமுள்ளவை என்று அங்கேயே விடப்பட்டன. ஈர விறகைச் சுமந்து வருவது தண்ணீரைச் சுமந்து வருவதாகும். அதோடு அடுப்படியில் புகையையும் கொண்டுவரும். எடுத்தவை யாவும் கீழே விழுந்து கிடந்தவையும் மரத்திலேயே பட்டு நின்ற கிளைகளும்தான். சேர்ந்த கட்டு ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. சும்மாட்டின் மேல் அதை ஏற்ற இன்னொருவர் கை கொடுக்கவேண்டும். கடைசியாக நிற்பவருக்குக் கை கொடுக்க ஆள் இல்லாததால் அவர் கட்டை ஒரு மண்மேட்டில் சாய்த்து, கீழிருந்து தலையைக் கொடுத்து எழுந்தார்.

இடையில் வனக் காவலர் எதிர்ப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “பட்ட வெறகுதாங்க ஐயா, பச்சைய தொடலன்னு சொல்லுவோம். கட்ட எறக்கி வச்சிட்டுப் போங்கன்னா எறக்கி வச்சிட்டு வருவோம். வேற என்ன செய்ய?” என்றார் அந்த அக்கா. குரலில் கோபம் இருக்கவில்லை. பல ஆண்டுகளாக நடைபெறும் ஒன்றை விவரிப்பவரின் பேச்சாகவே அது இருந்தது. கட்டை இறக்கி வைப்பது என்றால் வாரத்தின் ஒரே விடுமுறை நாளின் பாதியை இறக்கி வைப்பது என்பதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தோட்டத்தில் பெண்ணின் வேலைநேரம் பெரட்டிலிருந்து கடைசி நிறுவை வரை கணக்கிடப்படுகிறது. கொழுந்தின் நிறை குறைந்தால் பேர் (ஒரு நாள் கூலி) பாதியாகிறது. விறகுக்கு நடக்கும் நேரமும் சுமக்கும் நிறையும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. புகைபோக்கி இல்லாத அடுப்படியில் அந்த விறகை எரித்து இருமுவதும் அவர்களே. 1980களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையில் பரவிய அனகி எனும் இரட்டை மண் அடுப்பு ஒரே தீயில் இரு பாத்திரங்களைச் சூடாக்கி விறகை மிச்சப்படுத்தக்கூடியது. இப்பிரிவில் அதைச் சில வீடுகளில் கண்டேன். உடைந்தால் மாற்று வாங்க மஸ்கெலியா நகருக்குப் போகவேண்டியிருப்பதால் பலர் மூன்று கல்லுக்கே திரும்பிவிட்டார்கள்.

மழைக்காலக் கணக்கும் இதில் சேர்கிறது. இச்சரிவு தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்கும் சரிவு. மே மாதக் கடைசியிலிருந்து பல வாரங்களுக்குக் காட்டில் காய்ந்த கிளை கிடைக்காது. ஆகவே மாசியிலும் பங்குனியிலும் லயத்துப் பின்சுவரை ஒட்டி விறகு அடுக்கப்படுகிறது. அடுப்புக்கு மேல் பரணில் வைத்தது கடைசிக் கையிருப்பு. காவலர்கள் கண்டிப்புக் காட்டும் காலமும் காட்டுத்தீ அச்சம் மிகுந்த அதே வறண்ட காலம்தான் என்பதால் மோதல்கள் அந்த இரு மாதங்களிலேயே அதிகம் நிகழ்கின்றன.

எரிவாயு போன பின்

இப்பிரிவின் இளைய குடும்பங்கள் பல, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் பணத்தால், சில ஆண்டுகளுக்கு முன்பே எரிவாயு அடுப்பு வாங்கியிருந்தன. 2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ சிலிண்டரின் விலை 1,493 ரூபாவாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சிலிருந்து அப்போது 1,000 ரூபாவாக இருந்தது. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் பேர். அதுவும் வரிசையில் நின்றாலும் கிடைக்காத மாதங்கள் இருந்தன. எரிவாயு அடுப்பு அலமாரிக்கு மேல் ஏறியது. கத்தியும் கயிறும் இறங்கின. விறகு சுமந்து பழகாத இளம்பெண்களும் அப்போது மலையேறினார்கள் என்று பிரிவின் பெரியவர்கள் சொல்கிறார்கள். விலை பின்னர் இறங்கியும் எல்லோரும் திரும்பவில்லை. எரிசக்தி விலையில் கொழும்பில் எடுக்கப்படும் ஒரு முடிவு சிவனொளிபாதமலைக் காட்டின் விளிம்பில் எத்தனை கட்டு விறகாக மாறும் என்பதை வனத்துறையோ எரிசக்தித் துறையோ சேர்ந்து யோசித்ததற்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை.

பீலியும் ஊற்றும்

விறகைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, காடு இம்மக்களுக்குத் தரும் முதற்பொருள் தண்ணீர் என்பதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு கோணிவிடும். பீலிக்கரைக்கு (பொதுக் குழாயடிக்கு) வரும் நீர் டர்பன்டைன் படிக்கு மேலே, இயற்கைக் காட்டின் அடியில் உள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியே இறங்குகிறது. குழாய் அடைத்தால் பிரிவின் இளைஞர்களே ஏறிச் சென்று இலை சருகை வாரிச் சீர்செய்கிறார்கள். ஊற்றின் தலைப்பக்கம் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி முனியாக வைத்திருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் பட்ட கிளையைக்கூட எவரும் எடுப்பதில்லை, செருப்போடும் போவதில்லை. டர்பன்டைன் மரங்களை ஊற்றுக்குக் கீழே நெருக்கி நட்டதிலிருந்து வறட்சி மாதங்களில் நீர் மெலிகிறது என்பது பிரிவில் எல்லோரும் சொல்லும் குறை. வேகமாக வளரும் மரம் நீரை நிறைய இழுக்கும் என்பது உண்மையே. இக்குறிப்பிட்ட ஊற்றில் அதன் பங்கு எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்லவேண்டும். அளக்கவேண்டும் என்று கேட்பவர்கள் லயத்து மக்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. காட்டைக் காக்கும் ஒழுங்கு இங்கே ஏற்கெனவே இருக்கிறது, எழுதப்படாமல்.

பிழைப்புக்கு எடுப்பவை

வீட்டுத் தேவைக்கு அப்பால் காசுக்காக எடுப்பவை இப்பிரிவில் குறைவு. இவற்றுள் பெரியது புல். சில வீடுகள் பசு வளர்க்கின்றன. பால் சேகரிக்கும் வண்டி பாதைக்கு வருகிறது. மாதக் கடைசியில் சம்பளம் கரைந்த பின் கையில் வரும் பணம் பால் பணமே. மறுநடுகை நிலத்தில் மண்ணைத் தேற்ற நடும் குவாட்டமாலாப் புல்லையும் மானாப் புல்லையும் அறுக்கத் தோட்டம் சில வேளை அனுமதிக்கிறது. மற்ற நாளில் காட்டு விளிம்பே புல்வெளி. சாணம் மரக்கறிப் பாத்திக்குப் போகிறது. போஞ்சி போடுபவர்களுக்குக் கொடி படரக் கம்பு வேண்டும். பாதையின் மறுபக்கத்து மரக்கறிக்காரர்கள் கம்புக் கட்டுகளை விலைக்கு வாங்குவதால் இளைஞர்கள் சிலர் காட்டின் கீழ்ப்படையில் (பெருமரங்களுக்குக் கீழே) நேராக வளரும் இளங்கன்றுகளை வெட்டுகிறார்கள். என் மதிப்பீட்டில், இப்பிரிவின் காட்டுப் பயன்பாட்டில் காட்டுக்கு உண்மையில் கேடு செய்வது இதுதான். பட்ட கிளையை எடுப்பது காட்டின் இன்றைய உடலிலிருந்து எடுப்பது. இளங்கன்றை வெட்டுவது நாளைய காட்டை எடுப்பது. கலியாந்திரா போன்ற வேலிச்செடியை வளர்த்தால் கம்பும் கிடைக்கும், மாட்டுக்குத் தழையும் கிடைக்கும். அதற்கும் ஒரு துண்டு நிலம் வேண்டும்.

மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வைகாசிப் போயா வரை நீளும் சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில் பாதையோரத் தேநீர்க் கடைகளுக்கு விறகு விற்பதும் உண்டு. காட்டுக் காளான், மணத்தக்காளி, வல்லாரை ஆகியவை வீட்டுக் கறிக்கு. மருந்துக்கொடியான மரமஞ்சளும் வாசனைப் பிசின் தரும் வல்லப்பட்டை மரமும் வேறு வகை: அவை வெளியூர் வியாபாரிகளின் பணத்தால் இயங்கும் கடத்தல், சட்டம் முழுவலுவோடு இறங்கவேண்டிய இடம். அவற்றையும் தலைச்சுமை விறகையும் ஒரே குற்றப் பட்டியலில் வைப்பது இரண்டையும் தவறாக அறிவதாகும்.

நக்கிள்ஸ் மலையோரக் கிராமங்களில் இதே சிக்கல் ஏலக்காயின் வடிவில் வந்தது. பெருமரத்தின் நிழலில் ஏலம் நட்டு, கீழ்ப்படையைச் சுத்தம் செய்து, காயை உலர்த்தக் காட்டு விறகையே எரித்தார்கள். கன்றுகள் எழும்ப வழியில்லாமல் காடு வயதேறியது. 2000 இல் அது பேணற்காடாக அறிவிக்கப்பட்ட பின் ஏலச் செய்கை சட்டவிரோதமானது. காட்டின் பார்வையில் முடிவு சரியானது. வருமானம் இழந்த குடும்பங்களின் பார்வையில் அது பாதி முடிவு.

சுருக்கு

காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்தியை ஓர் இரவில் உழுதுவிடும். அதைத் தடுக்கவும் இறைச்சிக்காகவும் கம்பிச் சுருக்கு வைக்கும் வழக்கம் மலையகமெங்கும் இருக்கிறது, இப்பிரிவிலும். சுருக்குக்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றே. 2020 மே 26 ஆம் திகதி நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு சிக்கி, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டு, மூன்றாம் நாள் இறந்தது. இதில் மக்கள் பக்கம் நின்று வாதாட எதுவுமில்லை. சுருக்கு நிற்கவேண்டும். பயிர்ச் சேதத்துக்கு வேலி அமைக்க உதவி கிடைத்தால் அது விரைவில் நிற்கும். கிடைக்காவிட்டாலும் நிற்கத்தான் வேண்டும்.

யாரிடம் கேட்பது

காட்டு விளிம்பில் நிற்கும் ஒருவர் ஒரு கிளையை எடுக்க யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்பது இப்பிரிவில் எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. டர்பன்டைன் படி, அரச நிலத்தைக் குத்தகைக்குப் பெற்ற கம்பனியின் பொறுப்பில் உள்ளது. அதற்கு மேல் ஓரிடத்தில் வனப் பாதுகாப்புத் திணைக்களமும் இன்னோரிடத்தில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் அதிகாரம் செலுத்துகின்றன. வன ஒதுக்கில் அனுமதியின்றி விளைபொருள் எடுப்பதும், சரணாலயத்துக்குட்பட்ட அரச நிலத்தில் தாவரத்தை வெட்டி அகற்றுவதும் குற்றம். எல்லைக் கற்கள் சில புதைந்தும் சில புதருக்குள்ளும் கிடக்கின்றன. டர்பன்டைன் முடிகிற இடமே எல்லை என்று மக்கள் கொள்கிறார்கள். சில இடங்களில் அது தவறு.

காட்டைச் சமூகத்தோடு சேர்ந்து நிருவகிக்கும் திட்டங்கள் இலங்கைக்குப் புதியவை அல்ல. 1982 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் தொடங்கிய சமூக வனத் திட்டம் மலைநாட்டு மாவட்டங்களில் கிராம விவசாயிகளுக்கு விறகுத் தோட்டங்கள் அமைக்க நிலம் கொடுத்தது. பின்னர் அவுஸ்திரேலிய உதவியுடனும் ஒரு சமூக வன நிகழ்ச்சித்திட்டம் நடந்தது. இவை கிராமத்தையும் அதன் சங்கத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. கம்பனிக் குத்தகை நிலத்துக்குள் குடியிருப்பவர்கள் அந்த வரையறைக்குள் எளிதில் வருவதில்லை. 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கே தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆனது. பாதைக்கும் தெருவிளக்குக்குமே முப்பது ஆண்டு காத்திருக்கவைக்கப்பட்ட மக்களை விறகுத் தோட்டத் திட்டம் தேடி வராததில் வியப்பில்லை.

7 பேர்ச் காணியோடு தனி வீடு தரும் திட்டம் ஒரு முன்னேற்றம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீடும் மலசலகூடமும் படிக்கட்டும் போக எஞ்சுவதில் கீரைப் பாத்தியும் இரண்டு மூன்று வேலி மரங்களும் அடங்கும். ஒரு குடும்பத்தின் அடுப்பை அது ஒரு மாதம்கூடத் தாங்காது.

செய்யக்கூடியவை

மிலாறுப் பங்கீடு முதலாவது. எந்த மலை எப்போது கவ்வாத்து என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே தோட்டத்துக்குத் தெரியும். இலையும் சிறுகுச்சியும் மண்ணுக்கு, பெருவிரலுக்கு மேற்பட்ட தண்டு அந்த மலையில் வேலை செய்யும் பிரிவின் வீடுகளுக்கு என்று எழுத்தில் வைத்தால், காட்டுக்குப் போகும் கட்டுகளில் பெரும்பகுதி அந்த மாதங்களில் நின்றுவிடும். இதற்குச் சட்டத் திருத்தமோ வெளிநாட்டு உதவியோ வேண்டியதில்லை.

இரண்டாவது, டர்பன்டைன் படியில் அறுவடை முடிந்து மறுபடி நடும்போது கீழ் விளிம்பில் ஒரு கீற்றைப் பிரிவுக்கு ஒதுக்குவது. வாட்டில் (அக்கேசியா வகை மரம்), கலியாந்திரா போன்றவற்றை நட்டால் சில ஆண்டுகளில் விறகும் போஞ்சிக் கம்பும் மாட்டுத்தழையும் அங்கிருந்தே கிடைக்கும். வாட்டில் தானாகப் பரவும் மரம் என்பதால் இயற்கைக் காட்டை ஒட்டி அதை நடக்கூடாது. ஊற்றுக்கு மேலும் கீழும் வேகமாக வளரும் மரம் எதுவும் இல்லாமல் உள்ளூர்க் காட்டு மரங்களைக் கொண்டுவருவது இதோடு சேர்த்துச் செய்யவேண்டியது. நிலம் கம்பனியின் குத்தகைக்கு உட்பட்டதாகவே இருக்கலாம்; மரத்தின் உரிமை பிரிவின் பெண்கள் குழுவுக்கு எழுதப்படவேண்டும். பெண்கள் என்று குறிப்பிட்டுச் சொல்வது, விறகின் கணக்கு அவர்கள் கையில் இருப்பதால்.

பட்ட விறகைத் தலைச்சுமையாக, வீட்டுத் தேவைக்கு, குறித்த தடங்களில், குறித்த நாட்களில் எடுப்பதற்குப் பிரிவு முழுவதுக்கும் ஒரே அனுமதியை இரு திணைக்களங்களும் சேர்ந்து கொடுப்பது பற்றியும் பேசவேண்டும். உலக மரபுரிமை எல்லைக்குள் அது இயலாது என்றால் எல்லை எங்கே என்று காட்டும் கடமையாவது அவற்றுக்கு உண்டு. வனக் காவலரும் கண்டக்டரும் பிரிவின் மக்களும் ஒரு நாள் சேர்ந்து நடந்து, கற்களைத் தேடி எடுத்து வண்ணம் பூசினால் பாதிச் சச்சரவு தீரும்.

இப்பிரிவின் தொழிற்சங்கத் தலைவர்கள் மிலாறுப் பங்கீட்டை எழுத்தில் தரும்படி தோட்ட நிருவாகத்திடம் கேட்டிருக்கிறார்கள். வாய்மொழியாகச் சம்மதம் கிடைத்திருக்கிறது. கடிதம் இன்னும் வரவில்லை. அடுத்த கவ்வாத்துக்குக் குறித்திருக்கும் மலை கோயிலுக்குப் பின்புறத்து மலை என்பதால், வேலை தொடங்குமுன் அக்கடிதத்தைப் பெற்றுவிடவேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.